பெருங்குடலுக்குப் போய்ச் சேரும் மிச்சம்

காலரா கண்ட ஒருவருக்கு மாவு கரைத்துக் கொடுக்கலாம், அதையும் சிறுகுடலில் செரிக்காத மாவாகப் பார்த்துக் கொடுக்க வேண்டும் என்று சொன்னால் வீட்டுப் பெரியவர்கள் பதறிப்போவார்கள். வயிறு கெட்டுக் கிடக்கும்போது எளிதில் செரிப்பதைக் கொடு, கஞ்சித் தெளிவைக் கொடு என்பதுதான் நம் வழக்கம். வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்த பி. எஸ். ராமகிருஷ்ணாவும் உடன் பணியாற்றியவர்களும் 2000-இல் வெளியிட்ட ஆய்வு இந்த வழக்கத்துக்கு நேர் எதிரான ஒன்றைச் செய்து பார்த்தது. 48 காலரா நோயாளிகள், மூன்று குழுக்கள். முதல் குழுவுக்கு வழக்கமான உப்பு-சர்க்கரைக் கரைசல். இரண்டாம் குழுவுக்கு அதே கரைசலில் லிட்டருக்கு 50 கிராம் அரிசி மாவு. மூன்றாம் குழுவுக்கு லிட்டருக்கு 50 கிராம், சிறுகுடலின் நொதிகளுக்குப் பிடிகொடுக்காத ஒருவகை மக்காச்சோள மாவு. பேதி நிற்க முதல் குழுவுக்குச் சராசரியாக 91 மணி நேரம் ஆயிற்று, அரிசி மாவுக் குழுவுக்கு 71 மணி நேரம். செரிக்காத மாவு குடித்தவர்களுக்கு 57 மணி நேரத்திலேயே நின்றது.

குடல் நுண்ணுயிரிகளைப் பற்றிப் பேச எத்தனையோ வாசல்கள் இருக்க, இந்த ஆய்வின் வழியாக நுழைவதற்குக் காரணம் உண்டு. சிறுகுடலில்தான் உணவு செரிக்கிறது, பெருங்குடல் கழிவு தேங்கும் தொட்டி என்றுதான் பள்ளியில் படித்தோம். அந்தத் தொட்டிக்குள் ஒரு உலை எரிந்துகொண்டிருக்கிறது, அதற்கு விறகு போட்டால் உடம்பே காப்பாற்றப்படும் என்பதை வேலூரின் நோயாளிகள் காட்டினார்கள். குடலின் நலம் எந்தப் பெயருள்ள பாக்டீரியா உள்ளே குடியிருக்கிறது என்பதைவிட, நாம் செரித்து முடித்தபின் என்ன மிச்சம் கீழே போய்ச் சேருகிறது என்பதையே அதிகம் பொறுத்தது என்பது இந்தக் கட்டுரையின் வாதம். கடையில் விற்கும் நுண்ணுயிரிப் புட்டிகளைவிட, தென்காசிச் சந்தையில் தை மாதம் குவியும் சிறுகிழங்கு இந்தக் கேள்விக்குப் பக்கத்தில் நிற்கிறது.

வேலூர் ஆய்வு ஒரே நாளில் உதித்ததல்ல. 1960-களின் தொடக்கத்தில் அன்றைய வட ஆற்காடு மாவட்டத்துக் கிராமங்களில் வெப்பமண்டலக் குடல் உறிஞ்சாமை நோய் கொள்ளை நோயாகப் பரவியது. மாதக்கணக்கில் பேதி, வாய்ப்புண், சோகை, எலும்பும் தோலுமாக இளைத்துப்போவது. செல்வின் பேக்கரும் வி. ஐ. மதனும் அதைத் துரத்திப் போனதில்தான் தென்னிந்தியக் குடல் பற்றிய முறையான ஆராய்ச்சி வேரூன்றியது. நோயாளிகளின் சிறுகுடலில் இருக்கக் கூடாத அளவுக்குப் பாக்டீரியா பெருகியிருந்தது. அப்படிப் பெருகினால் உணவிலுள்ள பி12 வைட்டமினை அவையே உறிஞ்சிக்கொண்டு ஆளைப் பட்டினி போடும். ஆனால் இதே வேலூரிலிருந்து 1980-இல் ஆல்பர்ட், மதன், பேக்கர் மூவரும் ‘நேச்சர்’ இதழில் இதன் மறுபக்கத்தை எழுதினார்கள். ஆரோக்கியமான தென்னிந்தியர்களின் சிறுகுடலில் இருக்கும் கிளெப்சியெல்லா, சூடோமோனாஸ் வகைப் பாக்டீரியாக்கள் பி12 வைட்டமினைத் தயாரிக்க வல்லவை என்பதே அந்தக் கண்டுபிடிப்பு. இறைச்சி அதிகம் உண்ணாத மக்கள் பி12 குறைவால் ஒட்டுமொத்தமாகச் சாய்ந்துவிடாமல் இருப்பதற்கு இது ஒரு விளக்கமாக இருக்கக்கூடும். கிளெப்சியெல்லா என்ற பெயரைக் கேட்டால் மருத்துவமனையில் எல்லோரும் முகம் சுளிப்பார்கள். ஒரு குடலில் வைட்டமின் கொடுப்பதும் இன்னொரு குடலில் வைட்டமினைத் திருடுவதும் ஒரே வகை உயிர்கள்தான். இருக்கும் இடமும் எண்ணிக்கையும் கிடைக்கும் தீனியும்தான் வேறு. நல்ல பாக்டீரியா, கெட்ட பாக்டீரியா என்று சாதி பிரிக்கும் பேச்சு எனக்கு ஒப்பாததற்கு முதல் காரணம் இதுதான்.

உலைக்குள் நடப்பதைக் கொஞ்சம் நெருங்கிப் பார்ப்போம். நம் நொதிகளால் உடைக்க முடியாத மாவுச்சத்தும் நார்ச்சத்தும் பெருங்குடலுக்கு வந்ததும் ஆக்சிஜன் இல்லாத அந்த இடத்தில் பாக்டீரியா அவற்றைப் புளிக்க வைக்கிறது. கடைசியில் கிடைப்பவை முக்கியமாக மூன்று சிறு அமிலங்கள்: அசிட்டேட், புரோப்பியோனேட், பியூட்டிரேட். மூன்றாவதுதான் நம் கதாநாயகன். பெருங்குடலின் உட்சுவர்ச் செல்கள் தமக்கு வேண்டிய ஆற்றலில் பெரும்பகுதியை, ஏறக்குறைய எழுபது சதவீதத்தை, பியூட்டிரேட்டிலிருந்தே எடுக்கின்றன என்பதை ரோடிகர் என்ற அறுவை மருத்துவர் 1980-இல் காட்டினார். இரத்தம் கொண்டுவரும் சர்க்கரையை நம்பியிராமல், பக்கத்துக் குடித்தனக்காரர் சமைத்துத் தருவதை உண்டு வாழும் செல் உடம்பில் வேறெங்கும் இந்த அளவுக்கு இல்லை. பிறந்ததிலிருந்தே நுண்ணுயிரி படாமல் வளர்த்த எலிகளின் பெருங்குடல் செல்கள் பட்டினியில் தம்மையே தின்னத் தொடங்குவதையும், பியூட்டிரேட் கொடுத்ததும் அது நின்றுவிடுவதையும் 2011-இல் டோனஹோ குழுவினர் பார்த்தார்கள்.

செல் பியூட்டிரேட்டை எரிக்கும்போது ஆக்சிஜனைச் செலவழிக்கிறது. அதனால் குடலின் உட்புறத்துக்கு ஆக்சிஜன் கசிவதில்லை. ஆக்சிஜன் கசியாதவரை, ஆக்சிஜன் கிடைத்தால் கொழுக்கும் சால்மொனெல்லா போன்றவை தலையெடுக்கத் திணறுகின்றன. ஆக்சிஜன் இல்லாத இடத்தில்தான் பியூட்டிரேட் தயாரிக்கும் பாக்டீரியா வாழ முடியும். செல் பாக்டீரியாவுக்கு இருட்டறை கட்டிக் கொடுக்கிறது, பாக்டீரியா செல்லுக்குச் சோறு போடுகிறது. இந்த ஒப்பந்தத்தில் எந்தப் பக்கம் முறிந்தாலும் மறுபக்கமும் சரியும். இதோடு, அழற்சியை அடக்கும் ஒருவகை வெள்ளணுக்கள் குடலில் பெருகுவதற்கும் பியூட்டிரேட் தூண்டுகிறது என்று 2013-இல் வெவ்வேறு ஆய்வுக்கூடங்கள் எலிகளில் கண்டறிந்தன.

காலராவுக்கு வருவோம். காலரா நஞ்சு சிறுகுடலைத் திறந்துவிட்ட மதகு ஆக்கிவிடும். வழக்கமான கரைசலில் உள்ள சர்க்கரை, சிறுகுடலில் இன்னும் வேலை செய்யும் ஒரு கதவு வழியாக உப்பையும் நீரையும் உள்ளே இழுத்துக்கொண்டு போகிறது. உயிர் பிழைக்க அது போதும், ஆனால் பேதியின் அளவை அது குறைப்பதில்லை. பெருங்குடலிலோ இன்னொரு கதவு இருக்கிறது. இந்தச் சிறு அமிலங்கள் உறிஞ்சப்படும்போது அவற்றோடு உப்பும் நீரும் உள்ளே போகின்றன, காலரா நஞ்சால் அந்தக் கதவைச் சாத்த முடிவதில்லை. கடும்பேதியில் மலத்திலுள்ள அமிலங்கள் வெகுவாகக் குறைந்துவிடுவதையும், அவற்றைக் குடலுக்குள் செலுத்தினால் நீர் மீண்டும் உறிஞ்சப்படுவதையும் ராமகிருஷ்ணாவும் மதனும் 1993-லேயே காட்டியிருந்தார்கள். அதன்பிறகு, அமிலத்தை நேரே கொடுக்காமல் அதைத் தயாரிப்பவர்களுக்கு மூலப்பொருளை அனுப்புவோம் என்று யோசித்ததுதான் அந்த மக்காச்சோள மாவு. கட்டுரையின் தொடக்கத்தில் சொன்ன அந்த 34 மணி நேர வித்தியாசத்தை எந்தப் புது மருந்தும் சம்பாதித்துத் தரவில்லை. நோயாளியின் வயிற்றுக்குள் ஏற்கெனவே இருந்தவர்கள் செய்த வேலை அது.

மிச்சம் வந்து சேராவிட்டால் பாக்டீரியா சும்மா இருக்காது. குடல் சுவரைப் போர்த்தியிருக்கும் சளிப்படலமும் சர்க்கரைச் சங்கிலிகளால் ஆனதுதான். நார்ச்சத்தே இல்லாத தீனி போட்ட எலிகளில் பாக்டீரியா அந்தப் படலத்தைத் தின்று மெலிதாக்கியதையும், பிறகு வந்த நோய்க்கிருமி எளிதாகச் சுவரைத் தொட்டதையும் தேசாய் குழுவினர் 2016-இல் எழுதினார்கள். மாவும் நாரும் தீர்ந்தபின் புரதம் புளிக்கத் தொடங்கும். அதிலிருந்து வருபவை அம்மோனியா, ஹைட்ரஜன் சல்பைடு, கிரெசால் போன்றவை, குடல் சுவருக்கு ஆகாதவை. மனிதரிடம் இதற்குக் கிடைத்த சான்றுகளில் என்னை மிகவும் கவர்ந்தது 2015-இல் ஓகீஃப் குழுவினர் வெளியிட்ட ஆய்வு. அமெரிக்கக் கறுப்பினத்தவர் 20 பேரும் தென்னாப்பிரிக்கக் கிராமத்தவர் 20 பேரும் இரண்டே வாரத்துக்குச் சாப்பாட்டை மாற்றிக்கொண்டார்கள். அமெரிக்கர்களுக்கு நார் மிகுந்த ஆப்பிரிக்கச் சாப்பாடு, ஆப்பிரிக்கர்களுக்குக் கொழுப்பும் இறைச்சியும் மிகுந்த அமெரிக்கச் சாப்பாடு. அமெரிக்கர்களிடம் பியூட்டிரேட் இரண்டரை மடங்கானது, ஆப்பிரிக்கர்களிடம் பாதியானது. புற்றுநோய் அபாயத்தோடு சேர்த்துப் பேசப்படும் சுவர் அழற்சியும் அந்தந்தத் திசையிலேயே மாறியது. யாரும் யாருக்கும் பாக்டீரியா மாத்திரை கொடுக்கவில்லை, தட்டு மட்டுமே மாறியது.

தென்காசிக்குப் பக்கத்து இலஞ்சியில் நின்று பார்த்தால் இந்தத் தட்டு எப்படி இருக்கிறது? சிற்றாற்றுப் பாசனத்தில் நெல் விளையும் ஊர். தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017-இல் வெளியிட்ட உணவு அட்டவணைப்படி, 100 கிராம் தீட்டிய வெள்ளரிசியில் நார்ச்சத்து 2.8 கிராம். கம்பு, கேழ்வரகில் 11 கிராமுக்கு மேல், முழு உளுந்தில் 20 கிராம், தோல் நீக்கிய உளுந்தில் சுமார் 12 கிராம். ஒருவர் நாளொன்றுக்கு 300 கிராம் வெள்ளரிசி சமைத்துச் சாப்பிட்டால் அதிலிருந்து வருவது எட்டரை கிராம்கூட இல்லை. பரிந்துரைக்கப்படும் அளவோ ஏறக்குறைய 30 கிராம். மீதி இருபத்தொன்றைக் காயும் பயறும் கிழங்கும்தான் கொண்டுவர வேண்டும். நெல்லைச் சீமையின் பழைய சமையல் இதைக் கணக்குப் போட்டுச் செய்யவில்லை, ஆனாலும் கொண்டுவந்தது. தொலி உளுந்தோடு சேர்த்து வேக வைத்த உளுந்தஞ்சோறு, தொட்டுக்கொள்ள எள்ளுத் துவையல், முருங்கைக்கீரையும் பருப்பும் காய்களும் ஒன்றாக வெந்த கூட்டாஞ்சோறு, வாழைத்தண்டு, வாழைப்பூ, அவியல். மார்கழி, தையில் சிறுகிழங்கு. மண்ணோடு வரும் அந்தக் கிழங்கைச் சாக்குக்குள் போட்டுத் தரையில் தேய்த்தால் தோல் முக்கால்வாசி கழன்றுவிடும். மிச்சத்தை நகத்தால் சுரண்ட வேண்டும், விரல் கறுத்துவிடும். பொங்கல் படையலில் அது இல்லாத வீடு இந்தப் பக்கம் அபூர்வம். கால் கிலோ கிழங்குக்கு அரை மணி நேரம் செலவாகிறது என்பதால்தான் இன்று பல வீடுகளில் அது பொங்கலோடு நின்றுபோகிறது. உணவு மாற்றத்தைப் பற்றி எழுதுகிறவர்கள் இந்த அரை மணி நேரம் யாருடையது என்பதையும் எழுத வேண்டும். வேலைக்கும் போய் அடுப்படியும் பார்க்கிற பெண்களிடம் ‘பழையதற்குத் திரும்புங்கள்’ என்று சொல்லிவிட்டுப் போவது நியாயமில்லை.

பழையசோற்றுக்குத் தனியாக இடம் தர வேண்டும், ஏனென்றால் அதைச் சுற்றித்தான் இன்று அதிக சத்தம். இரவு மீந்த சோற்றில் தண்ணீர் விட்டு மண்சட்டியில் மூடி வைத்தால் காலையில் நீர் கலங்கி, மேலே லேசாக நுரைத்து, மணம் மாறி நிற்கும். லாக்டிக் அமில பாக்டீரியா செய்த வேலை. இதில் மூன்று கூற்றுகளைப் பிரித்துப் பார்க்கிறேன். ஒன்று, இரும்புச்சத்து இருபது மடங்கு கூடிவிடும் என்பது. இரும்பு ஒரு தனிமம், எந்தப் பாக்டீரியாவும் அதை உண்டாக்க முடியாது. அரிசியில் இருக்கும் இரும்பைப் பிடித்து வைத்திருக்கும் ஃபைட்டேட் புளிப்பில் உடைவதால், இருக்கிற இரும்பு கூடுதலாக உடம்பில் சேரலாம், அவ்வளவுதான். இரண்டு, அந்தப் புளிப்பே குடலைக் குணப்படுத்தும் என்பது. லாக்டிக் அமிலத்தைப் பியூட்டிரேட்டாக மாற்றும் பாக்டீரியா பெருங்குடலில் இருப்பது உண்மை. ஆனால் வாய்வழி குடித்த அமிலம் பெரும்பாலும் மேலேயே உறிஞ்சப்பட்டுவிடும். மூன்றாவது, ஆறிய சோற்றில் செரிக்காத மாவு கூடும் என்பது. இது சரி, அளவுதான் சிறியது. சுடுசோற்றில் 100 கிராமுக்கு 0.64 கிராமாக இருந்தது, ஒரு நாள் குளிர்பெட்டியில் வைத்துச் சூடாக்கியபின் 1.65 கிராமானது என்று 2015-இல் இந்தோனேசியாவில் அளந்தார்கள். வேலூரில் லிட்டருக்கு 50 கிராம் கொடுத்ததை இதோடு வைத்துப் பார்த்தால் நிலவரம் புரியும். பழையசோறு நல்ல காலை உணவு. ஆனால் அதனால் தனியாக உலையை எரிக்க முடியாது. கூடக் கடித்துக்கொள்ளும் சின்ன வெங்காயத்துக்கும் தொட்டுக்கொள்ளும் துவையலுக்கும் அந்தப் புகழில் பங்கு உண்டு.

இந்த வாதத்துக்கு எதிராகச் சொல்லத்தக்கவை பல, சில நம் மண்ணிலிருந்தே வந்தவை. பியூட்டிரேட் தயாரிப்பவற்றுள் பேர்போன ஃபீக்கலிபாக்டீரியம், குரோன் என்ற குடல் அழற்சி நோய் உள்ளவர்களிடம் குறைந்துபோகிறது என்று 2008-இல் பிரான்சில் காட்டினார்கள். ஆனால் 2010-இல் பாலமுருகன், ராமகிருஷ்ணா குழுவினர் தென்னிந்தியக் குழந்தைகளைப் பார்த்தபோது, உடல்பருமன் உள்ளவர்களிடம்தான் அது அதிகம் இருந்தது. வீணாகப் போகும் மிச்சத்திலிருந்தும் ஆற்றல் பிழிந்து தருவதால் எடை கூடுகிறதோ என்று அவர்களே கேட்டார்கள். நியாயமான கேள்வி. ஆனால் பெருங்குடலில் புளிக்கும் நார் கிராமுக்குச் சுமார் 2 கலோரி தருகிறது, சிறுகுடலிலேயே செரித்துவிடும் மாவு 4 கலோரி. நாருக்குப் பதில் தீட்டிய மாவைச் சாப்பிட்டால் எடை இன்னும் கூடவே செய்யும். அதிகம் சாப்பிடும் குழந்தையிடம் மிச்சமும் அதிகம், மிச்சத்தைத் தின்பவையும் அதிகம் என்று படிப்பதே எனக்குப் பொருத்தமாகத் தெரிகிறது. 2012-இல் வந்த இன்னொரு வேலூர் ஆய்வு தென்னிந்திய இளம்பெண்களை ஒப்பிட்டது. சைவ உணவுக்காரர்களைவிட அசைவமும் உண்பவர்களிடம் பியூட்டிரேட் தயாரிக்கும் மரபணு அதிகம் இருந்தது. சைவம் என்றாலே குடலுக்கு நல்லது என்று நம்புவோருக்கு இது அதிர்ச்சி. என் வாதத்துக்கு இது எதிரானதல்ல. வெள்ளைச் சோறும் சாம்பாரும் ஒரு கரண்டி உருளைக்கிழங்கும் வைத்த தட்டும் சைவம்தான். அந்தப் பெயர்ப்பலகையைப் பார்த்து உள்ளே எத்தனை கிராம் மிச்சம் போகிறது என்று சொல்லிவிட முடியாது.

நார் எல்லோருக்கும் ஒத்துக்கொள்ளும் என்றும் சொல்லக்கூடாது. எளிதில் குடல் உறுத்தும் நோயுள்ளவர்களுக்குப் பயறும் வெங்காயமும் காற்றைக் கிளப்பி வலியைக் கூட்டும், அவர்களுக்கு மருத்துவர்கள் இவற்றைக் குறைக்கத்தான் சொல்கிறார்கள். குடல் புண்ணாகி அழற்சி முற்றியிருக்கும்போது செல்கள் பியூட்டிரேட்டை எரிக்கும் திறனையே இழந்துவிடுகின்றன. பியூட்டிரேட்டை எனிமாவாகச் செலுத்திப் பார்த்த சோதனைகள் ஒன்றுக்கொன்று மாறான முடிவு தந்ததற்கு இது ஒரு காரணம். 2018-இல், நுண்ணுயிர்ச் சமநிலை ஏற்கெனவே குலைந்த எலிகளுக்குச் சுத்திகரித்த இனுலின் நாரைக் கொடுத்தபோது சிலவற்றுக்குக் கல்லீரல் புற்று வந்தது. பிரித்தெடுத்த நாரைப் பொடியாக்கி எல்லா உணவிலும் கலந்து விற்கும் தொழிலுக்கு அது எச்சரிக்கை. முழுக் கிழங்கும் முழுப் பயறும் அந்தப் பொடியும் ஒன்றல்ல.

எல்லாவற்றிலும் கனமான மறுப்பு தண்ணீரைப் பற்றியது. குடல் நோயின் வேர் கழிவு கலந்த நீர், அதை விட்டுவிட்டு அமிலம், மாவு என்று பேசுவது திசைதிருப்பல் என்பார்கள். பாதி உண்மை. எட்டு நாடுகளில் நடந்த மால்-எட் ஆய்வில் வேலூரும் ஒரு களம். பேதியே இல்லாத குழந்தைகளின் குடலிலும் கிருமிகள் அடுத்தடுத்துக் குடியேறி, சுவரைத் தேய்த்து, வளர்ச்சியைப் பிடித்து நிறுத்துவதை அது காட்டியது. சாரல் காலத்தில் குற்றாலத்தில் குளிக்கும் கூட்டத்தைத் தாண்டி வரும் நீர்தான் கீழே கால்வாய்களிலும் குளங்களிலும் ஓடுகிறது. குடிநீரில் கழிவு கலந்தால் எந்தக் கிழங்கும் காப்பாற்றாது. ஆனால் 2018-இல் வங்கதேசம், கென்யாவில் நடந்த பெரிய சோதனைகளில் நீர், கழிப்பறை, கைகழுவல் வசதிகளை மட்டும் செய்து கொடுத்தபோது குழந்தைகளின் உயரம் கூடவில்லை. அங்கே கொடுக்கப்பட்ட வசதி போதாது என்பது ஒரு விளக்கம். தேய்ந்த குடல் தானாக மீளாது என்பது இன்னொன்று, இரண்டும் ஒன்றையொன்று வெட்டுவதில்லை. டாக்காவின் மிர்பூர் குடிசைப் பகுதியில் தஹ்மீத் அகமதும் ஜெஃப்ரி கார்டனும் நடத்தி 2021-இல் வெளியிட்ட சோதனை இந்த இடத்தில்தான் ஒளி பாய்ச்சுகிறது. ஊட்டம் குறைந்த குழந்தைகளுக்குக் கொண்டைக்கடலை, சோயா, நிலக்கடலை, வாழைக்காய் கலந்த உணவை மூன்று மாதம் கொடுத்தார்கள், நுண்ணுயிர்களை வளர்ப்பதற்கென்றே வடிவமைத்த கலவை அது. வழக்கமான சத்துணவைவிடக் கலோரி குறைவாக இருந்தும் குழந்தைகள் அதில் நன்றாகத் தேறினார்கள். அதே டாக்காவில் வேகவைத்த வாழைக்காய் நாள்பட்ட பேதியை நிறுத்த உதவுவதை ரப்பானி 2001-லேயே காட்டியிருந்தார். நாட்டு வாழைக்காய், கடலை இரண்டும் கிடைக்காத சந்தை தென்காசிப் பக்கம் இல்லை.

உயிருள்ள பாக்டீரியாவையே விழுங்கினால் என்ன என்று கேட்பவர்களுக்குச் சான்று ஆதரவாக இல்லை. அமெரிக்காவில் 900-க்கும் மேற்பட்ட குழந்தைகளிடம் நடந்து 2018-இல் வெளிவந்த சோதனையில், பேதிக்கு மருந்தாகப் பெயர்பெற்ற லாக்டோபாசில்லஸ் மாத்திரைக்கும் வெறும் மாத்திரைக்கும் வித்தியாசம் தெரியவில்லை. அதே ஆண்டு இஸ்ரேலில், ஆன்டிபயாட்டிக் முடித்தபின் நுண்ணுயிரிப் புட்டி எடுத்தவர்களுக்குச் சொந்த நுண்ணுயிர்கள் திரும்பி வர, எதுவும் எடுக்காதவர்களைவிட அதிக நாள் பிடித்தது. ஒரு விதிவிலக்கு உண்டு. ஆன்டிபயாட்டிக்கால் குடல் துடைத்தெடுக்கப்பட்டுத் திரும்பத் திரும்ப கிளாஸ்ட்ரிடியம் டிஃபிசில் தாக்கும் நோயாளிகளுக்கு, ஆரோக்கியமானவரின் மலநுண்ணுயிர்களைச் செலுத்தினால் 16 பேரில் 13 பேர் ஒரே முறையில் குணமானார்கள் என்று 2013-இல் நெதர்லாந்தில் கண்டார்கள். அங்கே போனது ஒரு பாக்டீரியா அல்ல, பித்த அமிலங்களை மாற்றி அந்தக் கிருமியை அடக்கும் வேலை தெரிந்த முழு ஊர். அந்த ஊர் நம்மிடம் அழியாமல் இருக்க வழி எளிது: சாதாரணப் பேதிக்கு மருந்துக்கடையில் தானே மூன்று நாள் ஆன்டிபயாட்டிக் வாங்கி விழுங்காமல் இருப்பது.

சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் எஸ். ஜேஸ்வந்த் தலைமையில், அரசு நிதியோடு, குடல் அழற்சி நோயாளிகளுக்குப் பழையசோறு கொடுத்துப் பார்க்கும் ஆய்வு தொடங்கியபோது செய்தித்தாள்கள் மகிழ்ந்தன, நானும் மகிழ்ந்தேன். நம் உணவை நம் நோயாளிகளிடம் முறையாகச் சோதிக்கும் துணிவு அரிது. அதோடு இன்னொன்றும் வேண்டும் என்று கேட்பேன், அது செலவு குறைந்தது. இலஞ்சி, தென்காசி, செங்கோட்டைப் பக்கத்து வீடுகளில் ஐம்பது பேரைத் தேர்ந்தெடுத்து, சிறுகிழங்கு மலிந்திருக்கும் தையில் ஒருமுறையும் கிழங்கே கிடைக்காத வைகாசியில் ஒருமுறையும் அவர்களின் மலத்தில் பியூட்டிரேட்டை அளக்கலாம். கூடவே அந்தந்த வாரத்தில் தட்டில் விழுந்தது என்ன, குழாயில் வந்த நீர் எப்படி இருந்தது என்று குறித்துக்கொள்ளலாம். திருநெல்வேலி மருத்துவக் கல்லூரியிலிருந்து இங்கே வர இரண்டு மணி நேரம் போதும்.